ஃபைபர் கிளாஸில் துளை போடுவது எப்படி?
மேற்பூச்சு உதிராமல், மழை ஒழுகாமல் இருக்கக் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியவை

கடை நடத்துகிறவர்களுக்குத் துளை போடும் வேலை ஓய்வதே இல்லை. பெயர்ப்பலகை மாட்ட வேண்டும்; விளக்குப் பொருத்த வேண்டும்; ஒயர் நுழைக்க வேண்டும்; தொட்டிக்குக் குழாய் வைக்க வேண்டும்; கூரைத் தகட்டுக்கு போல்ட் போட வேண்டும். முன்பெல்லாம் சுவர், மரம், இரும்பு என்ற மூன்றில்தான் இந்த வேலை. மூன்றிலும் நம் ஊர்த் தச்சருக்கும் எலெக்ட்ரீஷியனுக்கும் நல்ல கைப்பழக்கம் உண்டு.

இப்போது நான்காவதாக ஃபைபர் கிளாஸ் வந்து சேர்ந்திருக்கிறது. கிடங்கில் வெளிச்சத்துக்காகப் போடும் ஒளி புகும் கூரைத் தகடு, கடைமுன் நீட்டும் சாய்ப்பு, பால் விற்கும் பூத்து, மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி, மீன் வியாபாரிகளின் ஐஸ் பெட்டி, வாசலில் நிற்கும் விளம்பரப் பொம்மை என்று பல இடங்களில் அது நம்மோடு இருக்கிறது. துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது, எடை குறைவு. ஆனால் மரத்துக்கும் இரும்புக்கும் பழகிய கையால் இதில் துளை போட்டால், வாங்கிய அன்று கண்ணாடிபோல் மின்னிய பொருள் முட்டை ஓடு உடைந்த மாதிரி ஓரம் ஓரமாகப் பெயர்ந்து நிற்கும்.

அழகு போனது மட்டும் நஷ்டம் அல்ல. பெயர்ந்த இடத்தின் வழியாக ஈரம் உள்ளே இறங்கும். போல்ட் பிடித்த இடம் நாளடைவில் கிழியும். கூரையாக இருந்தால், ஐப்பசி மழையில் சொட்டும் நீர் சர்க்கரை மூட்டையிலும் உப்பு மூட்டையிலும்தான் விழும். மாட்டி வைத்த பலகையாக இருந்தால், கீழே நிற்கும் வாடிக்கையாளர் தலைக்கு மேல் ஆபத்து. ஆகவே வேலைக்கு ஆள் வைத்தாலும், முறை என்ன என்பதைக் கடைக்காரர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எது ஃபைபர் கிளாஸ், எது அல்ல?

நம் கடைத்தெருவில் 'ஃபைபர்' என்று சொல்வதெல்லாம் ஃபைபர் கிளாஸ் அல்ல. 'ஃபைபர் சேர்' என்று நாம் சொல்வது வெறும் பிளாஸ்டிக். குளியலறைக்கு வாங்கும் 'ஃபைபர் கதவு' பல சமயம் பி.வி.சி.யாக இருக்கும். கூரைக்குப் போடும் 'ஃபைபர் ஷீட்'டிலும் பாலிகார்பனேட் என்ற வேறு சரக்கு கலந்து நடமாடுகிறது. ஒவ்வொன்றுக்கும் துளை போடும் முறை வேறு. எனவே முதலில் சரக்கை அடையாளம் காண வேண்டும்.

உண்மையான ஃபைபர் கிளாஸ் என்பது கண்ணாடியை மயிரிழைபோல் இழுத்து, அந்த இழைகளைப் பாயாகப் பரப்பி, ரெசின் என்னும் பிசினை ஊற்றி இறுகச் செய்தது. அமெரிக்காவில் 1930-களில் கண்ணாடி இழையைப் பெருமளவில் தயாரிக்கும் வழி பிறந்தது. 1953-இல் வந்த கார்வெட் காரின் உடல் முழுவதையும் இதிலேயே செய்தார்கள். நம் கடற்கரையில் இன்று ஓடும் ஃபைபர் படகுகளும் இதே சரக்குதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு மீனவர்களுக்கு வழங்கப்பட்ட படகுகளில் இவ்வகைப் படகுகள் மிகுதி.

அடையாளம் காணப் பொருளின் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கம் வழுவழுப்பாகவும் பின்பக்கம் சொரசொரப்பாகவும் இருந்து, நறுக்கிப் போட்ட வைக்கோல்போல் இழைகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிந்தால் அது ஃபைபர் கிளாஸ். வெட்டிய ஓரத்தில் இழை நுனிகள் கையில் குத்தும். துளை போடும்போதும் தெரிந்துவிடும். பிளாஸ்டிக்கும் பாலிகார்பனேட்டும் சுருள் சுருளாக வரும். ஃபைபர் கிளாஸ் மாவுபோல் தூளாக உதிரும்.

மேற்பூச்சு ஏன் உதிர்கிறது?

ஃபைபர் கிளாஸ் பொருளுக்கு இரண்டு அடுக்கு உண்டு. வெளியே நமக்குத் தெரியும் வண்ணப் பளபளப்பு, ஜெல்கோட் என்னும் மேற்பூச்சு. சாதாரணமாக அது அரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். அதற்கு உள்ளேதான் கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த கெட்டியான பகுதி. பலமெல்லாம் அந்த உள் பகுதிக்கே. மேற்பூச்சில் இழை கிடையாது. இழை இல்லாத பிசின் கடினமாக இருக்குமே தவிர வளைந்து கொடுக்காது. அடித்தால் சில்லாகப் பெயரும்.

சாதாரண டிரில் பிட்டின் நுனி, சுழலும்போது பொருளைக் கொத்தி மேல்நோக்கி இழுக்கும் அமைப்பு உடையது. மரத்துக்கும் இரும்புக்கும் அது சரி. ஆனால் அதே கொத்தல் மேற்பூச்சில் விழுந்தால், பிட் பொருளுக்குள் இறங்குமுன்பே ஓரத்துப் பூச்சு பெயர்ந்துவிடும். மறுபுறம் வெளிவரும்போது, அழுத்தத்தில் பின்பக்க இழைகள் பிய்ந்து பிசிறாகும்.

இன்னொரு காரணம், துளை போட்ட பிறகு செய்யும் வேலை. மரத்தில் திருகு ஏறும்போது மரம் நசுங்கி இடம் கொடுக்கும். ஃபைபர் கிளாஸ் நசுங்காது. சிறிய துளையில் பெரிய திருகை முறுக்கினால், மரை மேற்பூச்சைக் கீழிருந்து நெம்பிவிடும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது. வெயிலும் குளிரும் மாறி மாறி அடித்துச் சில மாதம் ஆனதும், திருகைச் சுற்றிச் சிலந்தி வலைபோல் விரிசல் ஓடும். பிறகு பலகை செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

என்னென்ன சாமான்கள் வேண்டும்?

பெரிய செலவு ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் சுற்றக்கூடிய, அதாவது ரிவர்ஸ் உள்ள டிரில்லிங் மெஷின் ஒன்று. புதிய, கூர்மையான பிட். எச்.எஸ்.எஸ். பிட் சில துளைகளுக்குத் தாங்கும். பிறகு கண்ணாடி இழை அதன் முனையைத் தின்றுவிடும். நாலைந்து துளைக்கு மேல் போடுவதானால் கார்பைடு முனை உள்ள பிட் வாங்குவதே சிக்கனம். ஆனால் சுவருக்குப் போடும் மேசன்ரி பிட்டை இதற்குக் கொடுக்கக்கூடாது. அதிலும் கார்பைடு முனை இருந்தாலும், அது இடித்துப் பொடிக்கும் வடிவம். இழையைச் சுத்தமாக வெட்டாது.

இவற்றோடு துளை வாயைச் சாய்வாகச் சீவும் கவுண்டர்சிங்க் பிட், மாஸ்கிங் டேப், பென்சில், பின்னால் அணை கொடுக்க ஒரு மரக்கட்டை, ரப்பர் வாஷர், அகலமான இரும்பு வாஷர், சிலிகான் ஒரு குழல். ஆளுக்கு மூக்குக் கவசமும் கண் கண்ணாடியும் கட்டாயம்.

துளை போடும் முறை

முதலில், துளை எங்கே வரவேண்டும் என்பதை நன்றாக யோசித்து முடிவு செய்யுங்கள். விளிம்பை ஒட்டிப் போடக்கூடாது. துளையின் விட்டத்தைப்போல் மூன்று மடங்காவது விளிம்பிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். 8 மி.மீ. துளை என்றால் அதன் நடுப்புள்ளி விளிம்பிலிருந்து குறைந்தது 24 மி.மீ., ஏறக்குறைய ஓர் அங்குலம், உள்ளே வரட்டும். பின்னால் ஒயரோ குழாயோ ஓடுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, துளை வரும் இடத்தில் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டி, அதன்மேல் பென்சிலால் குறியிடவும். வழுவழுப்பில் பிட் வழுக்கி ஓடிக் கீறல் போடாமல் டேப் காக்கும். ஆனால் டேப் ஒட்டிவிட்டாலே பூச்சு உதிராது என்று நினைத்துவிடக்கூடாது. அது பாதி வேலைதான்.

மூன்றாவது, குறியிட்ட இடத்தில் பன்ச் வைத்துச் சுத்தியலால் தட்டவே கூடாது. இரும்பில் செய்யும் பழக்கத்தில் பலரும் இதைச் செய்கிறார்கள். தட்டிய அந்த இடத்திலேயே நட்சத்திரம்போல் விரிசல் விழுந்துவிடும். மெஷினில் ஹாமர் என்ற இடிக்கும் பொத்தான் இருந்தால் அதையும் அணைத்துவிட வேண்டும்.

நான்காவது, எப்போதும் பளபளப்பான பக்கத்திலிருந்தே தொடங்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து போட்டால், பிட் வெளிவரும் வேகத்தில் மேற்பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும்.

ஐந்தாவது, இந்த வேலையின் உயிர்நாடி இதுதான்: மெஷினை ரிவர்ஸில் வைத்துத் தொடங்குங்கள். பின்னோக்கிச் சுற்றும் பிட் கொத்தாது, சுரண்டும். மெல்லச் சுரண்டி மேற்பூச்சை வட்டமாக அரித்துவிடும். உதிரும் தூளின் நிறத்தைக் கவனியுங்கள். பூச்சின் வண்ணத்தில் வரும் தூள் நிறம் மாறி, உள்ளேயிருக்கும் இழையின் மங்கல் நிறத்தில் வரத் தொடங்கினால் மேற்பூச்சைத் தாண்டிவிட்டோம் என்று அர்த்தம். அதன் பிறகு மெஷினை முன்னோக்கி மாற்றலாம்.

ஆறாவது, முதலில் சிறிய பிட், பிறகு அளவான பிட். 8 மி.மீ. துளை வேண்டுமானால் 3 மி.மீ. பிட்டில் வழி செய்துகொண்டு பெரிதாக்குங்கள். பிட்டை மாற்றும் ஒவ்வொரு முறையும் முதலில் ரிவர்ஸில் வைத்து மேற்பூச்சைத் தாண்டிய பிறகே முன்னோக்கிச் சுற்ற வேண்டும். இடையில் இதை மறந்தால் முதலில் பட்ட பாடு வீண்.

ஏழாவது, பின்பக்கத்தில் மரக்கட்டையை அழுத்திப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அணை இருந்தால் பிட் வெளியே வரும்போது இழை பிய்யாது. பின்னால் கை எட்டாத இடமானால், முடியும் தறுவாயில் அழுத்தத்தைக் குறைத்து மெஷினின் எடையாலேயே இறங்கவிட வேண்டும். சிறிய பிட்டை வேகமாகவும் பெரிய பிட்டை மெதுவாகவும் சுற்றவிடலாம். எதிலும் உடம்பின் எடையைப் போட்டு அழுத்தக்கூடாது. பிசின் கருகும் வாடை வந்தால் பிட் மழுங்கிவிட்டது அல்லது அழுத்தம் அதிகம் என்று பொருள். உடனே நிறுத்த வேண்டும்.

எட்டாவது, துளை முடிந்ததும் கவுண்டர்சிங்க் பிட்டால் அதன் வாயைச் சற்றே சாய்வாகச் சீவிவிடுங்கள். திருகின் மரை மேற்பூச்சைத் தொடாத அளவுக்குச் சீவினால் போதும். கவுண்டர்சிங்க் இல்லையானால், துளையைவிட இரண்டு மடங்கு பருமனுள்ள பிட்டை விரலில் பிடித்துக் கையாலேயே திருப்பிச் சீவலாம். இந்தச் சின்ன வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சிலந்தி வலை விரிசல் வராமல் காப்பது இதுவே. சீவி முடித்தபின் டேப்பை மடக்கி மெதுவாக உரிக்கவும்.

பெரிய துளை போடும்போது

குழாய்க்கும் விளக்குக்கும் ஓர் அங்குலம், இரண்டு அங்குலத் துளை தேவைப்படும். அதற்கு வட்ட ரம்பமான ஹோல்சா வேண்டும். நடுவிலுள்ள பிட்டால் முதலில் சிறு துளை போட்டுக்கொண்டு, ரம்பத்தின் பற்கள் மேற்பூச்சைத் தொட்டதும் ரிவர்ஸில் மெதுவாகச் சுற்ற வேண்டும். வட்டம் முழுவதும் பூச்சு அறுபட்டதும் முன்னோக்கிச் சுற்றலாம். ஹோல்சாவைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பக்கப் பல் மட்டும் கடித்துப் பூச்சைப் பெயர்க்கும். நேராகப் பிடிப்பது முக்கியம்.

பொருளின் இரண்டு பக்கமும் பார்வைக்கு வருவதானால், நடுத்துளையை மறுபுறம் வரை போட்டுவிட்டு, முன்பக்கமிருந்து பாதி, பின்பக்கமிருந்து பாதி என்று அறுக்க வேண்டும். இரண்டு பக்கமும் பிசிறில்லாமல் வரும்.

பூத்துகளிலும் ஐஸ் பெட்டிகளிலும் இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பிளைவுட்டோ நுரை அட்டையோ வைத்திருப்பார்கள். அங்கே துளை போட்டால் உள்ளே இருக்கும் பிளைவுட்டுக்கு ஈரம் போகும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே மக்கும். அத்தகைய இடத்தில் துளையின் உள்சுவரில் எபாக்ஸியைத் தடவிக் காயவிட்டு, பிறகுதான் போல்ட் நுழைக்க வேண்டும்.

திருகும் போல்ட்டும்

எடை தாங்க வேண்டிய இடத்தில் திருகை நம்பக்கூடாது. மறுபுறம் நட்டும் அகலமான வாஷரும் போட்டு போல்ட் மூலம் பிடிப்பதே சரி. சிறிய வாஷர் போட்டால் சுமை முழுவதும் துளையின் ஓரத்தில் நின்று கிழிக்கும். அகலமான வாஷர் சுமையைப் பரப்பிக் கொடுக்கும். பலகை பெரிதாக இருந்தால் பின்னால் ஓர் இரும்புப் பட்டையையே வைத்து, போல்ட்டுகளை அதோடு சேர்த்துப் பிடிக்கலாம்.

எடை இல்லாத சிறு சாமானுக்குத் திருகு போதும். அப்போது திருகின் மரையை விட்டு உள்தண்டு எவ்வளவு பருமனோ, அதைவிடச் சற்றுப் பெரிய துளை வேண்டும். மரத்துக்குப் போடுவதுபோல் சிறிய துளை ஆகாது. உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால் அதில் முதலில் போட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

இறுக்குவதிலும் நிதானம் வேண்டும். ரப்பர் வாஷர் சற்றே அமுங்கி நின்றால் போதும். 'இன்னும் ஒரு சுற்று' என்று ஸ்பானரை அழுத்துவதால்தான் பாதி விரிசல்கள் வருகின்றன. வெளிப்புறமாக இருந்தால் துளைக்குள்ளும் வாஷருக்கு அடியிலும் சிலிகான் வைத்து மூட வேண்டும்.

கூரைத் தகட்டுக்குத் தனிக் கவனம்

நம்மில் மொத்த வியாபாரம் செய்கிறவர்களுக்குக் கிடங்குதான் முதல். அதன் கூரையில் வெளிச்சத்துக்காக இடையிடையே போடும் நெளி ஃபைபர் தகட்டில்தான் ஒழுகல் அதிகம். காரணம், துளை தவறான இடத்தில் இருப்பது. நெளியின் பள்ளத்தில் மழைநீர் ஓடும். அங்கே துளை போட்டால் எந்த வாஷரும் நெடுநாள் தாங்காது. துளை எப்போதும் நெளியின் மேட்டில் வரவேண்டும்.

வெயிலில் தகடு விரியும், இரவில் சுருங்கும். அதற்கு இடம் கொடுக்க, போல்ட்டைவிட 2 மி.மீ. பெரிதாகத் துளை போட வேண்டும். ஜே போல்ட்டின் கீழ் மெத்தென்ற வாஷரும் அதன்மேல் இரும்பு வாஷரும் இருக்க வேண்டும். போல்ட்டை இறுக்கி மேட்டை அமுக்கிவிடக்கூடாது. ஆணியை நேராக அடித்துத் துளைப்பதோ, கம்பியைச் சூடாக்கிக் குத்துவதோ கூடவே கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். காற்று கூரையைத் தூக்கும்போது தகடு முதலில் கிழிவது நடுவில் அல்ல, துளையைச் சுற்றித்தான். விரிசல் விட்ட துளை ஒன்று இருந்தால் காற்றுக்கு அதுவே வாசல். மழைக்காலத்துக்கு முன் ஒரு நாள் கிடங்கின் உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால், வெளிச்சத்தில் விரிசல்கள் நன்றாகத் தெரியும்.

பழைய தகட்டில் புதுத் துளை போடுமுன் தடவிப் பாருங்கள். பல ஆண்டு வெயிலில் பிசின் தேய்ந்து, கையில் இழை குத்தினால் தகடு வலுவிழந்துவிட்டது. அதில் துளை போடுவதைவிடத் தகட்டையே மாற்றுவது மேல். ஒரு முக்கிய எச்சரிக்கை: ஃபைபர் தகட்டின்மேல் ஆள் ஏறி நிற்கக்கூடாது. வாட்டமாகப் பலகை போட்டு, அது இரும்புச் சட்டத்தின்மேல் தாங்கி நிற்கும்படி செய்து, அதன்மேல்தான் ஏற வேண்டும். தகடு உடைந்து ஆள் விழுந்தால் நம் கல்லாவில் உள்ள எந்தப் பணமும் அதற்கு ஈடாகாது.

தண்ணீர்த் தொட்டியில்

தொட்டியைக் காலி செய்து, காயவிட்டுத் துளை போட வேண்டும். வளைவில் வாஷர் சரியாக உட்காராது. சமமான இடமாகப் பார்க்க வேண்டும். உள்ளும் புறமும் ரப்பர் வாஷர் வைத்து, கையால் இறுகும்வரை திருகி, பிறகு ஸ்பானரால் சிறிதளவு மட்டும் இறுக்கினால் போதும். அறுபட்ட ஓரத்தில் இழை வெளியே தெரியும். அதன் வழியே தண்ணீர் உறிஞ்சப்படும். எனவே ஓரத்தில் ரெசின் தடவி மூடிவிட்டு, பல நாள் நன்றாகக் காய்ந்து வாடை போன பிறகு, தொட்டியை இரண்டு மூன்று முறை கழுவி ஊற்றிவிட்டுத்தான் குடிநீர் நிரப்ப வேண்டும். துளை போட்ட தூள் ஒரு பொட்டுகூட உள்ளே தங்கக்கூடாது.

தூசியைச் சாதாரணமாக எண்ணாதீர்கள்

மளிகைக் கடைக்காரர்களுக்கு இதுவே எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம். உதிரும் தூளில் இருப்பது கண்ணாடி. அது அரிசியிலோ பருப்பிலோ விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. பொறுக்கி எடுக்கவும் முடியாது. சாக்கு திறந்திருக்கும் இடத்தில், பண்ட பாட்டில்களுக்கு மேலே, மாவு அரைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஃபைபர் கிளாஸில் துளை போடவே கூடாது. கழற்ற முடிந்த பொருளை வெளியே எடுத்துப் போய்ச் செய்யுங்கள். முடியாவிட்டால் கடை அடைத்த பிறகு, சரக்கையெல்லாம் நகர்த்தி, மீதியைப் பாலிதீன் தாளால் இறுக மூடிச் செய்ய வேண்டும்.

ஒருவர் துளை போடும்போது இன்னொருவர் வாக்கும் கிளீனரின் குழாயைத் துளையருகே பிடித்தால் தூசி பெரும்பாலும் பறக்காது. முடிந்ததும் துடைப்பம் போட்டுப் பெருக்கினால் தூசி எழும்பி வேறிடத்தில் உட்காரும். ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியை எறிந்துவிடுவதே நல்லது. வாயால் ஊதுவது கூடாது.

வேலை செய்கிறவர் முழுக்கைச் சட்டை போட்டு, மூக்கையும் கண்ணையும் மறைத்துக்கொள்ள வேண்டும். தோலில் பட்டால் அரிக்கும். சொறிந்தால் இழை இன்னும் உள்ளே இறங்கும். குளிர்ந்த நீரால் நிறைய கழுவினால் போய்விடும். அந்தத் துணிகளை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக்கூடாது. கூலிக்கு வந்தவர்தானே என்று கவசம் வாங்கிக் கொடுக்காமல் விடுவது நம் தொழிலுக்கு அழகல்ல.

உதிர்ந்துவிட்டால் என்ன செய்வது?

சிறு சில்லு பெயர்ந்திருந்தால் அதே வண்ண ஜெல்கோட் வாங்கிச் சரிசெய்யலாம். பெயர்ந்த இடத்தின் ஓரத்தைச் சீவி, தூசி துடைத்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் செய்ய வேண்டும். ஜெல்கோட்டில் கேட்டலிஸ்ட் என்னும் இறுக்கும் மருந்து 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம்வரை கலந்து, சற்றே மேடாக நிரப்பவும். காற்றுப் பட்டால் இதன் மேல்புறம் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதால் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளை ஒட்டி மூடிவிட வேண்டும். நன்றாக இறுகியதும் 400, 600, 1000 என்று வரிசையாக நீர்த்தாளால் தேய்த்து, ரப்பிங் காம்பவுண்டால் மெருகேற்றினால் பழைய பளபளப்பு திரும்பும்.

கேட்டலிஸ்ட் கண்ணில் தெறித்தால் பார்வைக்கே கேடு. ஆக்ஸிலரேட்டர் என்ற இன்னொரு மருந்தையும் இதையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக்கூடாது, தீப்பற்றி வெடிக்கும். இரண்டையும் கடைச் சரக்கோடு சேர்த்து வைக்காமல் தனித்தனியாக வைக்க வேண்டும்.

வாங்கும்போதே யோசியுங்கள்

இவ்வளவு சங்கடமும் பாதியாகக் குறைய ஒரு வழி உண்டு. பூத்தோ பலகையோ செய்யச் சொல்லும்போதே, எங்கெங்கே துளை வேண்டும் என்று தாளில் வரைந்து கொடுத்துவிடுங்கள். அச்சில் வார்க்கும்போதே அந்த இடத்தில் கூடுதல் இழையையோ பிளைவுட் கட்டையையோ உள்ளே வைத்து மூடித் தருவார்கள். பொருளை எடுத்து வரும்போது அதே வண்ண ஜெல்கோட் ஒரு சிறு டப்பாவும் கேட்டு வாங்குங்கள். வெள்ளையிலேயே பல வெள்ளை உண்டு. பின்னால் தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்து வராது.

நம் வேலைக்கு வருகிறவர்கள் திறமை இல்லாதவர்கள் அல்ல. ஆனால், "என்ன அண்ணாச்சி, இரும்பிலேயே போடுறோம், இது என்ன பெரிய விஷயம்?" என்று மெஷினை எடுத்து நேராக அழுத்திவிடுவார்கள். அப்போது, "தம்பி, முதல்ல ரிவர்ஸ்ல வச்சு மேல் பூச்சை மட்டும் அரிச்சுக்கப்பா; பின்னாலே நான் கட்டையைப் பிடிச்சுக்கிறேன்" என்று பக்கத்தில் நின்று சொன்னால் போதும். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு முறை பார்த்துவிட்டால் அடுத்த கடையில் அவரே அதைச் சொல்லிச் செய்வார்.

சுருக்கமாகச் சொன்னால்: சரக்கு எது என்று பார், டேப் ஒட்டு, பன்ச் தட்டாதே, பளபளப்புப் பக்கமிருந்து ரிவர்ஸில் தொடங்கு, பின்னால் அணை கொடு, துளை வாயைச் சீவு, அளவோடு இறுக்கு, தூசியைச் சரக்கில் விழ விடாதே. இந்த எட்டையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

புதிய பிட் ஒன்றுக்கும் சிலிகான் ஒன்றுக்கும் ஆகும் செலவைக் கணக்குப் பார்க்கிற நாம், ஒழுகும் கூரையால் கட்டி தட்டிப்போகும் ஒரு சர்க்கரை மூட்டையின் விலையையும் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். எது செலவு, எது வரவு என்று வியாபாரிகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.